கன்றுக் கொட்டகைப் பலகைகள்

கசான்,
8 நவம்பர் 2004, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மஹூபா அண்ணிக்குக் கொழுந்தன் முதாரிஸ் சலாம் கூறி எழுதுவது. நான் நலம். இரத்த அழுத்தம் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சொல்கிறது, இரண்டையும் நம்புவதில்லை. தாங்களும் இல்கிஸாரும் மருமகள் எஞ்ஜெயும் பிள்ளைகளும் நலந்தானா? வாத்துகள் எத்தனை தேறின?

ஒரு செய்தி. வருகிற ஏப்ரல் 11, திங்கட்கிழமை, எனக்கு எழுபது வயது நிறைகிறது. 1961 முதல் 1995 வரை நான் பணியாற்றிய பத்திரிகை அன்று விழா எடுக்கிறது. என் நினைவுகளை அரைப் பக்கத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். "பதினேழு வயதில் கூட்டுப்பண்ணைத் தலைவரையே எதிர்த்த பேனா" என்பார்கள். ஒவ்வொரு விழாவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொள்வேன்.

அந்தச் செய்தி வந்தது 1952 நவம்பர் 12, புதன்கிழமை. மாவட்டப் பத்திரிகையின் நான்காம் பக்கம். கன்றுக் கொட்டகையின் கூரைக்கு வந்த பலகைகள் தலைவர் கிலெம்கானின் புதிய குளியல் வீட்டுக்கு ஏறிவிட்டன, கன்றுகள் பனியில் நிற்கின்றன என்ற சிறு செய்தி. சொந்தப் பெயரில் எழுத அஞ்சி 'குலேச்' என்று புனைபெயர் இட்டேன். சிரித்த முகத்தான் என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டியவர் தாங்கள். 1950 ஜூன் 25 அன்று மருமகளாக எங்கள் வாசலில் இறங்கியபோது, கணவனின் தம்பியைப் பெயர் சொல்லி அழைக்கலாகாது என்ற வழக்கப்படி, முறைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அப்படி அழைத்தீர்கள். கேலிக்கு வைத்த பெயர் என்றே கருதுகிறேன்.

இப்போது என் கேள்வி. செய்தி வந்த சில நாட்களிலேயே தாங்கள் மரம் வெட்டும் வேலைக்காகக் காட்டுக்குப் போய்விட்டீர்கள். எந்தத் தேதி? அவ்வளவு அவசரமாக ஏன் போனீர்கள்? கட்டுரையில் தங்களுக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன். தேதி பிழையாக இருக்கக் கூடாது.

தங்கள் நலம் விழையும்,
முதாரிஸ்.

*

ஆக்சிஷ்மே,
29 நவம்பர் 2004.

தம்பி குலேச்சுக்கு அண்ணி சொல்றது. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் ரத்த அழுத்தத்துக்கு ஒண்ணும் இல்ல, உப்பைக் குறை, கோபத்தையும் குறை.

வாத்து இருபத்தாறு தேறிச்சு. போன சனிக்கிழமை இறகு பறிக்கத் தெருப் பொண்ணுங்க எல்லாம் வந்தாங்க. பாட்டும் கூத்தும்தான். எஞ்ஜெ சுட்ட பணியாரம் ஒரு தட்டு கூட மிஞ்சல. உனக்கு ரெண்டு வாத்து உப்புப் போட்டு வச்சிருக்கேன். இல்கிஸார் கசானுக்கு வரும்போது கொண்டுவருவான்.

காட்டுக்கு எந்தத் தேதி போனேன்னு கேக்குற. குளிரா இருந்துச்சு, அதுதான் தேதி. ஏன் போனேன்னா, போகச் சொன்னாங்க, போனேன். அப்ப யாரு காரணம் கேட்டா. எனக்கு நன்றி எல்லாம் போட வேண்டாம். போட்டே ஆகணும்னா உங்க அம்மாவுக்குப் போடு, உன்னைப் பெத்தது அவங்கதான். கிலெம்கான் பேரும் வேண்டாம். செத்து இருபத்தொன்பது வருஷம் ஆச்சு. அவர் நிம்மதியாப் படுத்திருக்கட்டும்.

கம்பளிக் காலுறை போட்டுக்கோ.
மஹூபா.

*

கசான்,
17 ஜனவரி 2005, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணிக்கு முதாரிஸின் சலாம். தங்கள் கடிதமும் உப்பு வாத்துகளும் முறையே டிசம்பர் 9-ஆம் தேதியும் 26-ஆம் தேதியும் வந்து சேர்ந்தன. உளமார்ந்த நன்றி. சளிக் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மறுமொழி தாமதம், பொறுத்தருள்க. எழுபத்து மூன்று வயதிலும் தங்கள் கையெழுத்து முன்னைவிட அழகாகியிருப்பது கண்டு வியந்தேன். என் கையெழுத்தோ ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது.

இனி முக்கியச் செய்தி. ஜனவரி 13, வியாழக்கிழமை, மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் நம் ஊர் நூர்கத்தா. பண்ணையில் குதிரை வண்டி ஓட்டியவர், நினைவிருக்கும். மகள் வீட்டோடு கசானுக்கு வந்துவிட்டாராம். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"என்னய்யா பேப்பர்காரரே, இப்ப யாரைக் கிழிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

"நான் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று" என்றேன்.

"பேனாவுக்கு ஓய்வு குடுத்துட்டீங்க சரி. உங்க அண்ணி எப்படி இருக்கு? அதை அன்னிக்குக் காட்டுல கொண்டுபோய் விட்டதே நான்தான். அழுதுக்கிட்டே ஓட்டுனேன். அது சிரிச்சுக்கிட்டே வந்துச்சு."

"அவரை ஏன் அனுப்பினார்கள்?"

நூர்கத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவே தெரியாதா? ஊரே பேசுச்சே. ஒளிஞ்சுக்கப் பேரு வச்சவன் எவனாவது தன் வீட்டுக்குள்ள கூப்பிடற பேரை வைப்பானா? வேலிக்கு இந்தப் பக்கம் நின்னா நாள் முழுக்கக் கேக்கும், 'குலேச், தண்ணி கொண்டா, குலேச், ஆட்டைக் கட்டு'ன்னு. பேப்பரு வந்த அன்னிக்கே தலைவருக்குத் தெரிஞ்சுபோச்சு. உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. உன் அண்ணி போச்சு. 'அந்தப் பேரு நான் வச்ச பேரு, அதனால எழுதுனவ நான்தான்'னுச்சு. மறுநாள் காட்டுக்கு வண்டி பூட்டச் சொன்னாங்க."

அதற்குள் அவர் பெயரை அழைத்துவிட்டார்கள். உள்ளே போகும்போது திரும்பி, "நீ பெரிய எழுத்தாளன் ஆனதுக்கு மரம் வெட்டுனது யாருன்னு எழுதுய்யா" என்றார்.

எழுதுவேன் அண்ணி. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் தாங்கள் வாய் திறக்கவில்லை. அந்தக் கிலெம்கான், கன்றுகளின் கூரையைத் திருடியது போதாமல், கேள்வி கேட்டவன் வீட்டுப் பெண்ணைக் குளிர்காலத்தில் காட்டுக்கு அனுப்பிய கல்நெஞ்சன். கோழை. அவர் பெயரை முழுதாக, தந்தை பெயரோடு போடுவேன். தங்கள் பெயரை அதற்கு மேலே போடுவேன். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

என்றும் தங்களுக்குக் கடமைப்பட்ட,
முதாரிஸ்.

*

கசான்,
7 மார்ச் 2005, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணிக்கு, நாளைய மகளிர் நாள் வாழ்த்துகள். ஜனவரி 17-ஆம் தேதி நான் எழுதிய கடிதத்துக்கு இதுவரை மறுமொழி இல்லை. தொலைபேசியில் அழைத்தபோது இல்கிஸார் எடுத்து, "எல்லாரும் சௌக்கியம் சித்தப்பா, அம்மா மாட்டுக் கொட்டகையில இருக்காங்க" என்றான். இரண்டு முறையும் தாங்கள் மாட்டுக் கொட்டகையிலேயே இருந்தீர்கள். என் மேல் வருத்தமா? கட்டுரையை மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும்.

முதாரிஸ்.

*

ஆக்சிஷ்மே,
14 மார்ச் 2005.

மரியாதைக்குரிய மாமாவுக்கு எஞ்ஜெ எழுதுவது. வாழ்த்துக்கு நன்றி. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்கச் சேறு.

உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தைக்குக் கண்ணில் புரை வந்து ஒன்றரை வருடமாகிறது. பத்திரிகைத் தலைப்புகள் கூடத் தெரிவதில்லை. அறுவைக்கு ஆகஸ்டில் நாள் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பதறுவீர்கள் என்று உங்களிடம் சொல்லக் கூடாது என்றார். ஆகவே உங்கள் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். நீங்கள் பாராட்டிய கையெழுத்து என்னுடையது. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டுப் பழகிய கை.

ஜனவரிக் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். கிலெம்கான் என் தாத்தா. அப்பாவின் அப்பா. உங்களுக்குத் தெரியும், எழுதும்போது ஞாபகம் வந்திருக்காது. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லையே, வேலை இருந்தது என்று தந்தி அனுப்பினீர்கள். 'கல்நெஞ்சன்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அத்தை, "ஏம்மா நிறுத்திட்ட, எழுத்து புரியலையா?" என்றார். "புரியுது அத்தை" என்றேன். "அப்ப வாசி. எழுதுனதை எழுதுன மாதிரி வாசி" என்றார். வாசித்து முடித்தேன். இருவரும் தேநீர் குடித்தோம். அதற்குப் பிறகு அத்தை பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு என் தாத்தாவைப் பத்து வயதுவரை தெரியும். என்னைச் சறுக்குவண்டியில் வைத்து இழுப்பார். பலகை விஷயமும் தெரியும். அந்தக் குளியல் வீட்டில் குளித்துத்தான் நான் வளர்ந்தேன். உண்மையென்றால் எழுதுங்கள் மாமா. என் பொருட்டு அத்தைக்குச் சேர வேண்டிய நன்றி நின்றுபோனால் இந்த வீட்டில் நான் எப்படி நிமிர்ந்து நடப்பேன்? அத்தையோ, "எழுதினா அவன் என் கொழுந்தனே இல்ல" என்கிறார். நாங்கள் இருவரும் இதைத் தவிர வேறு எதிலும் சண்டை போடுவதில்லை.

எஞ்ஜெ.

*

கசான்,
21 மார்ச் 2005, திங்கட்கிழமை.

அன்புள்ள எஞ்ஜெ, உன் கடிதம் 19-ஆம் தேதி வந்தது. அண்ணியின் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த மருத்துவரிடம் இன்று பேசினேன். ஜூலை 5-ஆம் தேதிக்கே மாற்றித் தருகிறேன் என்றார். என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

நீ யாருடைய பேத்தி என்பதை எழுதிய கணத்தில் மறந்துதான் போனேன். அந்தச் சொற்களை உன் வாயாலேயே வாசிக்க வைத்துவிட்டேன். அதற்கு வருந்துகிறேன். கட்டுரையிலிருந்து 1952-ஐயே நீக்கிவிடுகிறேன். 1953 ஜனவரி 26, திங்கட்கிழமை, மாவட்டப் பத்திரிகையில் சேர்ந்தேன் என்று தொடங்கிக்கொள்கிறேன். அண்ணி விரும்பியதும் அதுதானே. அவரிடம் சொல்.

முதாரிஸ்.

*

ஆக்சிஷ்மே,
28 மார்ச் 2005.

குலேச்சுக்கு அண்ணி சொல்றது. எஞ்ஜெ எழுதுறா. ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

நீ அதை நீக்குறேன், இதை நீக்குறேன்னு எழுதுனதைக் கேட்டேன். நாலு நாள் யோசிச்சேன். பாதி தெரிஞ்சுக்கிட்டு நீ கோபப்படுற. இப்ப பாதியை மறைக்கப் போற. முழுசையும் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணா பண்ணு.

நூர்கத்தா வாசல்ல நின்னான். உள்ளே நடந்தது அவனுக்குத் தெரியாது. நான்தான் எழுதுனேன்னு சொன்னேன். கிலெம்கான் சிரிச்சார். "மஹூபா, நீ படிச்சது நாலாங் கிளாஸ். 'மேற்கண்ட பலகைகள்'னு நீ எழுதுவியா?" அப்படின்னார். அவரே சொன்னார், "அந்தப் பயலைத்தான் காட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க மேல இருந்து. நம்ம பண்ணை பங்குக்கு மரம் வெட்ட ஒரு ஆளை அனுப்பியே ஆகணும். அனுப்புனா என்ன ஆகும்? அவன் மரத்தை வெட்ட மாட்டான், மரம்தான் அவனை வெட்டும்" அப்படின்னார். உண்மைதானே, நீ விறகு பொளந்தா விறகு சிரிக்கும்.

நான் சொன்னேன், "அவனுக்குப் பதிலா நான் போறேன். ஆனா மாவட்டப் பத்திரிகைக்காரங்க அவனைக் கூப்பிட்டுக் கடுதாசி போட்டிருக்காங்க. நீங்க அனுமதிச் சீட்டு குடுக்காம அவன் இந்த ஊரை விட்டு ஒரு அடி வைக்க முடியாது. குடுங்க." "என்னைத் திட்டுனவனை நானே கையெழுத்துப் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பணுமா?" அப்படின்னார். "பலகையை எடுத்தது நெசம்தானே"ன்னேன். "நெசம்தான்"னார். "போ, போடுறேன். ஆனா யார்கிட்டயும் சொல்லாத, மேல இருக்கறவங்க என் தலையை எடுத்துருவாங்க." அவ்வளவுதான். ஜனவரியில போட்டார். உன் சீட்டுல இருக்கிற கையெழுத்து யாரோடதுன்னு நீ பாக்கவே இல்லையா? தேதியை மட்டும் பாத்திருப்ப.

அவர் செத்த அப்புறம் சொல்லியிருக்கலாம். சொல்லல. அது என் முடிவு. அப்ப நீ வருஷத்துக்கு ஒரு தலைவரைப் பத்தி எழுதிட்டு இருந்த. 'நம்மளையும் ஒருத்தர் இப்படிக் காப்பாத்துனாரே'ன்னு உனக்கு நெனப்பு வந்தா பேனா ஓடாது. நீ யாருக்கும் கட்டுப்படாம எழுதணும்னுதான் நெனச்சேன். இப்ப நீ ஓய்வா இருக்க. இப்ப நன்றி சொல்லலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது.

அப்புறம், காட்டுல நான் ஒண்ணும் சாகல. ரொட்டி வயிறு நெறையக் கெடச்சுது. மூணு மாசம் உங்க அம்மாகிட்ட இருந்து லீவு. எழுதினா ரெண்டு பாதியையும் எழுது. ஒண்ணை மட்டும் எழுதினா அது பொய்.

மஹூபா.

மாமா, இதை எழுதும்போது என் தாத்தா சிரித்தார் என்ற இடத்தில் எனக்கு எழுத்து கலங்கிவிட்டது. அதுதான் அந்த மைக்கறை. ஒன்று கேட்கிறேன். எங்கள் வழக்கப்படி பெண்கள் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் போவதில்லை. வேலிக்கு வெளியே நிற்போம். என் அண்ணன் வடக்கே எண்ணெய் வயலில் வேலையில் இருக்கிறார். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் ஒருமுறை தாத்தாவிடம் போய் வருவீர்களா? எஞ்ஜெ.

*

கசான்,
12 ஏப்ரல் 2005, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணிக்கும் அன்புள்ள எஞ்ஜெக்கும் முதாரிஸின் சலாம். உடல் நலமாகவே இருக்கிறது.

கட்டுரையைப் புதிதாக எழுதிக்கொண்டு போனபோது ஆசிரியர், முப்பத்தைந்து வயதுக்காரர், தலையைச் சொறிந்தார். "ஐயா, முதல் பாதி பிரமாதம். ரெண்டாம் பாதி எதுக்கு? தலைவரை எதிர்த்த பையன்னு கதை நறுக்குன்னு இருக்கு. அந்தத் தலைவரே கையெழுத்துப் போட்டாருன்னா வீரம் குறைஞ்சுருமே" என்றார்.

"குறையட்டும்" என்றேன்.

"விழாவுக்கு அழைப்பிதழ் கூட அடிச்சாச்சு. 'தலைவரை எதிர்த்த பேனா'ன்னுதான் போட்டிருக்கோம்."

"அப்படியானால் விழாவில் நானே திருத்திச் சொல்லிக்கொள்கிறேன்."

நேற்று மேடையில் அவ்வாறே செய்தேன். கட்டுரையில் இருப்பதையே வாசித்தேன்: "1952 நவம்பர் 12 அன்று, கன்றுக் கொட்டகைப் பலகைகளைத் தலைவர் கிலெம்கான் எடுத்துக்கொண்டார் என்று எழுதினேன். அது உண்மை. 1953 ஜனவரி 24, சனிக்கிழமை, அதே கிலெம்கான் நான் ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்டார். அதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே, எனக்குப் பதிலாக என் அண்ணி மஹூபா காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இவ்விருவருக்கும் நன்றி."

பிறகு கைதட்டினார்கள்; வழக்கமான கைதட்டல் அல்ல, தாமதமாகத் தொடங்கியது.

அண்ணி, தாங்கள் சொல்லாமல் இருந்தது சரியே. 1977-இல் தீவனத்தை விற்ற தலைவரைப் பற்றி எழுதியபோது அவர் என் முன் அழுதார்; கிலெம்கானின் கையெழுத்து அன்று என் நினைவில் இருந்திருந்தால் அந்தச் செய்தியை நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த ஊர் மாடுகள் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. மூன்று தலைவர்களைப் பதவியிறக்கிய என் தொழில் முழுவதையும் தாங்கள் வாய் திறக்காமலே காத்திருக்கிறீர்கள். இதற்கு முறையாக நன்றி சொல்லும் வாக்கியம் எனக்கு இன்னும் அமையவில்லை.

மே 22, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

முதாரிஸ்.

*

ஆக்சிஷ்மே,
30 மே 2005.

மரியாதைக்குரிய மாமா, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் கால் வீங்கவில்லையே? அத்தை உங்களுக்குத் தேன் கொடுத்தனுப்ப மறந்துவிட்டதாகப் புலம்புகிறார். கட்டுரையை ஊரில் எல்லாரும் வாசித்துவிட்டார்கள். இரண்டு பேர் அத்தையிடம் வந்து கை குலுக்கினார்கள்; அத்தை, "கையெல்லாம் மாவா இருக்கு, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அன்று கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் உள்ளே போன பிறகு நானும் அத்தையும் வேலியோரம் நின்றோம். நீங்கள் பிரார்த்தனையை முடித்துக் கையை முகத்தில் தடவிக்கொண்டதை அத்தைக்குச் சொன்னேன். அதற்குப் பிறகும் நீங்கள் திரும்பவில்லை. கல்லின் முன் குனிந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தீர்கள். அத்தை காதைத் தீட்டிக்கொண்டு, "என்னடி பண்றான், இன்னும் வரல?" என்றார். "பேசிக்கிட்டே இருக்காரு அத்தை." "பேட்டி எடுக்குறானோ என்னமோ" என்றார். நான் சிரித்தேன். பிறகு பார்த்தால் அத்தை அழுதுகொண்டிருந்தார். நீங்கள் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்துல தூசி" என்றாரே, அது இதுதான்.

வரும்வழியில் கேட்கக் கூச்சமாக இருந்தது. தாத்தாவிடம் என்ன பேசினீர்கள் மாமா?

எஞ்ஜெ.

*

கசான்,
6 ஜூன் 2005, திங்கட்கிழமை.

அன்புள்ள எஞ்ஜெ, நலமாக வந்து சேர்ந்தேன். கால் வீங்கவில்லை. ஜூலை 5-ஆம் தேதிக்கு இருவருக்கும் அறை தயாராக இருக்கும்.

அண்ணி சொன்னது சரி, அது பேட்டிதான். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கையெழுத்துப் போடும்போது என்ன நினைத்தீர்கள்?" என்று. பதில் வரவில்லை. பதில் வராவிட்டாலும் எதிரில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பது எங்கள் தொழிலின் மரியாதை. அதனால்தான் தாமதமாயிற்று.

பிறகு நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

முதாரிஸ்.